ஐந்தாவது அறைக் கட்டில்

அந்த வீட்டில் ஐந்து அறைகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. ஒன்றைக் கடந்தால்தான் அடுத்ததற்குப் போகலாம். இரும்புலியூர்ப் பக்கம் அதை அரண்மனை என்பார்கள். ஏதோ ஒரு ஜமீன்தார் கோடையில் வந்து தங்கக் கட்டியது. எண்பதுகளின் தொடக்கத்தில் அதில் மிச்சமிருந்தவர் அவருடைய பேரனின் மனைவி, விதவை. எங்களுக்கு ராணியம்மா. வீட்டைப் பெருக்கித் துடைத்து வந்தது என் அத்தை. தாயில்லாத என்னை வளர்த்தவளும் அவள்தான். முழுப்பரீட்சை லீவில் என்னையும் அங்கே கூட்டிப்போவாள். மூன்றாவது அறையைத் தாண்டினால் காலை ஒடிப்பேன் என்பது அவள் சட்டம்.

மூன்றாவதில் ரசம் போன பெரிய கண்ணாடி ஒன்று இருந்தது. நாள் முழுக்க அதில் என் முகத்தை எத்தனை நேரம் பார்ப்பது? ஒரு மதியம் அத்தை கொல்லைப் பக்கம் போனதும் நான்காவதைக் கடந்து ஐந்தாவதற்குள் நுழைந்தேன்.

அது ராணியம்மாவின் கணவர், இறந்துபோன ஐயாவின் படுக்கையறை. அவர் போய் ஆறு வருடமாகியும் தினமும் காலையில் கட்டிலுக்குப் புது விரிப்பு போட வேண்டும். நான்கு மணிக்கு ராணியம்மா வந்து தலையணையைத் தடவிவிட்டுப் போவார். கண்ணில் புரை, கைதான் அவருக்குப் பார்வை. பட்டணத்திலிருந்த மகன் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்திருந்தார். அந்த ஞாயிறு வந்து அழைத்துப்போவார், வீட்டைப் பூட்டிவிடுவார்கள் என்று பேச்சு. பம்மல் தோல் ஷெட்டில் வேலை கிடைக்குமா என்று அத்தை அந்த வாரமெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

அறை குளிர்ச்சியாக இருந்தது. உயரமான கட்டிலின் மரப்படியேறிப் படுத்தேன், தூங்கிவிட்டேன். பேச்சுக்குரல் கேட்டு விழித்து, கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். இரண்டு ஜோடிக் கால்கள் வந்து நின்றன. ராணியம்மாவின் பாதங்கள் அசையவில்லை.

"அவர் வந்து படுத்திருக்கார்டி. தொட்டுப் பாரு, சூடுகூட ஆறல."

என் தலை எண்ணெய் தலையணையில் வட்டமாகப் படிந்திருக்கும். அது ராணியம்மாவின் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. அத்தை குனிந்தாள். என்னைப் பார்த்தாள். தொங்கிய விரிப்பைத் தரைவரை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆமாம்மா. சூடாத்தான் கீது."

வீட்டுக்குப் போனதும் முதுகு பழுத்துவிடும் என்று நினைத்தேன். அத்தை அடிக்கவில்லை. வழியில் மசால்வடை வாங்கிக் கொடுத்தாள்.

ஞாயிறன்று கார் வந்தது. ராணியம்மா ஏற மறுத்துவிட்டார். அவர் வரும்போது நான் இல்லாவிட்டால் எப்படி என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மகன் கெஞ்சினார், கோபித்தார், கடைசியில் அத்தையிடம் வந்து, நீயாவது எடுத்துச் சொல்லக்கூடாதா என்றார்.

"நான் இன்னா சார் சொல்றது. தொட்டுப் பார்த்தது அவங்கதான்," என்றாள் அத்தை.

நான் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் போதும். என் வயதுப் பையனின் பேச்சை அந்த மகன் உடனே நம்பியிருப்பார். கார் வெறுமனே திரும்பிப் போனது.

மறுநாள் மூன்று மணிக்கு அத்தை என்னைக் கூப்பிட்டு, தலையை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தாள். "போடா, கட்டில்ல கொஞ்ச நேரம் படுத்துக்கோ. நான் வந்து எழுப்புறேன்," என்றாள்.

லீவு முடியும்வரை தினமும் படுத்தேன். பள்ளி திறந்த பிறகும் சனி, ஞாயிறுகளில் படுத்தேன். அடுத்த கோடைக்குள் ராணியம்மா சுவரைத் தடவி, வாசற்படிகளை எண்ணிக்கொண்டுதான் ஐந்தாவது அறைக்கு வர முடிந்தது. புரை முற்றிக் கண் நரம்பே கெட்டுவிட்டது, இனி ஆபரேஷன் செய்தும் பயனில்லை என்று வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் சொல்லிவிட்டதாக அத்தை ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

எனக்குத் தெரியாது என்று இந்த வயதில் சொன்னால் பொய். கட்டிலுக்கு அடியில் கிடந்தபோதே எல்லாம் காதில் விழுந்திருந்தது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் அந்தப் படிகளில் ஏறும்போது எனக்கு இருந்தது ஒரே நினைப்புதான்: அத்தைக்கு என் மேல் எவ்வளவு ஆசை, யாருக்கும் கிடைக்காத ராஜா கட்டிலில் என்னைத் தூங்க வைக்கிறாளே.