மறுப்பு வராவிட்டால்

வீடுகளுக்கு எரிவாயு கொண்டுவரும் குழாய்களும் மின்சாரம் கொண்டுவரும் கம்பிகளும் எந்தெந்த நிறுவனங்களுக்குச் சொந்தமோ, அவையெல்லாம் சேர்ந்து நடத்தும் சங்கத்தில் அவள் அறிக்கை எழுதுபவள். வெளியே ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும் நிறுவனங்கள், அரசாங்கத்திடம் பேசும்போது மட்டும் ஒரே குரலில் பேசியாக வேண்டும். அந்தக் குரலுக்குச் சொல் தேடித் தருவதே அவளுடைய பிழைப்பு.

சங்கத்தின் சமையலறையில் எரிவாயு அடுப்பும் உண்டு, மின்கெண்டியும் உண்டு. ஒரு கூட்டத்துக்கு அடுப்பில் தேநீர் போட்டால், அடுத்த கூட்டத்துக்குக் கெண்டியில்தான் போட வேண்டும் என்பது இயக்குநரின் உத்தரவு. எந்தத் தரப்பும் மனம் கோணக் கூடாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. அவள் எழுதும் வரைவு எல்லா நிறுவனங்களுக்கும் போகும். குறித்த வேளைக்குள் மறுப்பு வராவிட்டால், அனைவருக்கும் சம்மதம் என்று பொருள். பதில் எழுதச் சோம்பியவர்களும், விடுப்பில் போனவர்களும், வரைவைத் திறந்தே பார்க்காதவர்களும் இவ்வாறு சம்மதித்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

இந்த வேலை அவளுடைய வீட்டுப் பேச்சிலும் தொற்றிக்கொண்டது. உப்புப் போதுமா என்று கேட்டால், "போதும்னும் சொல்லலாம், இன்னும் கொஞ்சம் போடலாம்னும் சொல்லலாம்" என்பாள். அக்காவின் கணவர் அவளுக்கு 'நடுநிலை' என்றே பெயர் வைத்துவிட்டார். அவள் வாசலில் தலைகாட்டினால் போதும். "நடுநிலை வந்தாச்சு, நாற்காலியை நடுவுல போடுங்க" என்று குரல் கொடுப்பார்.

அக்கா பழைய தெரு ஒன்றில் ரொட்டிக்கடை நடத்துகிறாள். கடையின் அடுப்பு சில மாதங்களாகவே கதவு மூடாமல், ஒரு பக்கம் கருக்கி மறுபக்கம் வேகவிடாமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. அன்று காலை, சங்கத்தில் கூட்டம் தொடங்கும் நேரத்தில் அக்கா தொலைபேசியில் அழைத்தாள்.

"அடுப்புக்காரர் புது அடுப்போட வாசல்ல நிக்கிறார். பழையபடி கேஸ் அடுப்பே வாங்கிடட்டுமா? சேத்து வச்சதெல்லாம் இதுக்கே போயிடும். நீ இதுலயே ஊறினவளாச்சே, சொல்லு."

"அக்கா, ரெண்டுலயும் நல்லதும் இருக்கு, சிரமமும் இருக்கு..."

"ஆரம்பிச்சுட்டியா? உன்னைப் போய்க் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்! சரி, உன் சங்கத்து வழக்கப்படியே வச்சுக்கலாம். மதியத்துக்குள்ள நீ வேண்டாம்னு சொல்லலேன்னா, கையெழுத்துப் போட்டுடுவேன்."

அவள் சிரித்துவிட்டுக் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

கூட்டத்தில் எரிவாயுத் தரப்பின் பிரதிநிதி நகரப் படத்தைச் சுவரில் விரித்தார். அதில் பழைய தெருக்களுக்குச் சாம்பல் நிறம் பூசியிருந்தது.

"இந்தத் தெருக்கள்ல இனிமே குழாய் மாத்தப் போறதில்ல. கொஞ்சம் கொஞ்சமா மூடிடுவோம். ஆனா இப்பவே அப்படி எழுதினா ஜனங்க பதறிடுவாங்க. இந்த விஷயம் இந்த அறையைத் தாண்டக் கூடாது."

அக்காவின் தெரு சாம்பலுக்குள் முழுவதுமாக மூழ்கியிருந்தது.

"அம்மா, பக்குவமா ஒரு வரி போடுங்க" என்றார் இயக்குநர்.

மனம் எங்கேயோ இருந்தாலும் கை பழகிய வேலையைச் செய்தது. 'பழைய குழாய்களின் எதிர்காலம் உரிய தருணத்தில் பரிசீலிக்கப்படும்.' வாசித்தாள். மின்சாரத் தரப்பு தலையசைத்தது, எரிவாயுத் தரப்பு, "பிரமாதம்!" என்றது. அதே வரியை அக்கா கடையில் நின்றபடி வாசித்தால் என்ன நினைப்பாள்? இப்போதைக்கு ஒன்றும் ஆகாது என்றுதானே?

அவளால் உட்கார முடியவில்லை. கால் தானாக ஆடியது. பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மேசைக்கடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, 'யோசித்துச் செய்' என்று எழுதி அழித்தாள். 'அவசரம் வேண்டாமே' என்று எழுதினாள், அதையும் அழித்தாள். எதை எழுதினாலும் அது அறிக்கையாகவே வந்து நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அதையே பார்த்தாள். விஷயத்தை வெளியே விட்டால் வேலை போய்விடும். விடாவிட்டால், சூடேறாத அடுப்பின் முன் அக்கா நிற்பாள்.

"மறுப்பு இருக்கா? இல்லேன்னா நிறைவேறினதா வச்சுக்கலாம்" என்றார் இயக்குநர்.

"எனக்கு மறுப்பு இருக்கு."

எரிவாயுத் தரப்பில் ஒருவர் சிரித்துவிட்டார். "எழுதினதே நீங்கதானேம்மா!"

"ஆமா. அதனாலதான் சொல்றேன். அந்த வரி ஜனங்களை ஏமாத்துது."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு நடைகூடத்துக்கு வந்தாள். அக்காவை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கையில் மாவு இருந்தால் அக்கா எடுக்க மாட்டாள். பேருந்தில் ஏறினாள். உட்கார இடம் இருந்தும் படியருகிலேயே நின்றாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓட்டுநரைத் தள்ளிவிட்டுத் தானே ஓட்டிவிடலாம் போலிருந்தது.

கடையில் பழைய அடுப்பைப் பெயர்த்து வெளியே போட்டிருந்தார்கள். புதியது இன்னும் அட்டைக்குள் நின்றது. அதன்மேல் காகிதத்தை வைத்து அக்கா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்காதே, அக்கா!"

"நடுநிலை மதியம் தாண்டி வந்திருக்கு. மறுப்பு செல்லாது" என்றார் அத்தான்.

அக்கா சிரிக்கவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்தாள். "நிஜமா வேண்டாமா? இல்ல, வேண்டாம்னும் சொல்லலாமா?"

"வேண்டாம். இந்தத் தெருவுக்கு வர்ற கேஸ் குழாயை மூடப் போறாங்க. மின்சார அடுப்பு வாங்கு."

அத்தானின் சிரிப்பு நின்றது. அடுப்புக்காரர் தலையைச் சொறிந்தார். "இன்னும் மாட்டலையே, திருப்பி எடுத்துக்கறேன். ஆனா பழசைப் பேத்தாச்சேம்மா. மின்சார அடுப்பு வர நாளாகும். அதுவரைக்கும் ரொட்டி?"

பிசைந்த மாவு தொட்டியில் பொங்கி, மூடிய துணியைத் தூக்கிக்கொண்டிருந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காகிதத்தை நான்காகக் கிழித்தாள்.

"கடையைப் பூட்டிக்கறேன். நீங்க அடுப்பை வண்டியில ஏத்துங்க."

தங்கையின் பைக்குள் கைப்பேசி அதிரத் தொடங்கியது. எட்டிப் பார்த்து, "இயக்குநர்" என்றாள். பையின் வாயை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிர்வு நின்றது, மீண்டும் தொடங்கியது.

"எடுடி. நீ பேசாம இருந்தா, அவங்களா ஒண்ணை வச்சுக்குவாங்க" என்றாள் அக்கா.

அவள் எடுத்தாள். "ஆமாங்க, வெளியே சொல்லிட்டேன்" என்றாள்.