சானடோரியத்தில் வைத்த பை

செவ்வாய், பகல் 1 மணி. நானும் என் மனைவி தனலட்சுமியும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். 1989 ஆகஸ்டு மாதம். ஜபல்பூரில் ராணுவப் பயிற்சியில் இருந்த எங்கள் மகன் ரவிக்கு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அணிவகுப்பு. அது முடிந்ததும் எல்லைக்கு அனுப்பிவிடுவார்கள், ஊருக்கு வர விடுப்பு கிடையாது என்று எழுதியிருந்தான். அன்று விட்டால் எப்போது பார்ப்போமோ தெரியாது.

எங்கள் டெல்லி வண்டி சென்ட்ரலில் மாலை 7 மணிக்குத்தான். சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் பூங்கா நிலையம் 25 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். நாலு மணிக்குக் கிளம்புவதாகத்தான் ஏற்பாடு. வழியில் கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் மூன்று மணி நேரம் முன்னதாகவே அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன், குரோம்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி. ஆந்திராவைத் தாண்டிப் போனதில்லை. அதனால் இரண்டு மாதம் முன்பே, தெருவில் இந்தி டியூஷன் எடுக்கும் டீச்சரிடம் எழுதி வாங்கி, லாட்ஜுகளுக்கு ரிப்ளை கார்டு போட்டேன். பாதியைக் கிழித்து அவர்கள் பதில் எழுதுவார்கள். புதன் இரவு, வண்டி மாறும் இட்டார்சியில் ஓர் அறை, வியாழன் இரவு ஜபல்பூரில் ஓர் அறை, ஒரு நாளைக்கு 40 ரூபாய். இரண்டுக்கும் சரி என்று பதில் வந்தது.

ஒரே குறை, செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். டிக்கெட் கிடைத்ததோ செவ்வாய்க்குத்தான். இதற்குப் பரஸ்தானம் என்று ஒரு வழி உண்டு. நல்ல நாளில், போகிற திசையில் இருக்கும் ஒரு வீட்டில் பயணப் பை ஒன்றை முன்கூட்டியே வைத்துவிட்டால், அன்றைக்கே கிளம்பியதாக ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்துக்கு வடக்கே அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் இருக்கும் என் சிநேகிதன் தேவராஜ் வீட்டில் ஒரு ரெக்சின் பையை வைத்தேன். அவன் கிறிஸ்தவன், ரயில்வேயில் சிக்னல் பிரிவு.

“ஏன்டா, வேதக்கார வூட்ல உன் சூலம் செல்லுமா?” என்று கேட்டுச் சிரித்தான். செவ்வாய் நாலு மணி வண்டிக்குப் பையோடு பிளாட்பாரத்தில் நிற்பதாகச் சொன்னான்.

மாலை 7. வண்டி நேரத்துக்குக் கிளம்பியது. கூடூர் 138 கிலோமீட்டர். அங்கே இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது தனலட்சுமி சாதாரணமாகக் கேட்டாள்: “தேவராஜ் அண்ணன் வீட்ல வெச்ச பை எங்கங்க?”

எங்கள் மின்சார ரயில் சானடோரியத்தில் நின்றதும், நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. லாட்ஜ் கார்டுகள் அந்தப் பையில். அதுகூடப் போகட்டும், அணிவகுப்புக்கு உள்ளே விடும் அனுமதிச் சீட்டும் அதில்தான். அது இல்லாமல் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று ரவி இரண்டு முறை எழுதியிருந்தான். தனலட்சுமி திட்டியிருந்தால் தேவலாம். இட்லியை மறுபடி மடித்து வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

புதன், காலை 11.30. பல்லார்ஷா, சென்னையிலிருந்து ஏறக்குறைய 880 கிலோமீட்டர். வண்டி நின்றது, நின்றதுதான். முன்னால் பாதையில், மழைக்குத் தண்டவாளத்தின் அடி மண் கரைந்துவிட்டதாம். எதிர் சீட்டு நாக்பூர்க்காரர், தமிழ் கொஞ்சம் தெரிந்தவர், இன்றைக்கு நகராது என்றார். இட்டார்சி அறை போயிற்று. தேநீர் ஒரு ரூபாய், வெந்நீர் மாதிரி இருந்தது. சூலம் என்றால் இதுதான் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

மாலை 3.40. பின்னால் வந்த இன்னொரு டெல்லி வண்டி பக்கத்துப் பிளாட்பாரத்தில் நின்றது. எங்கள் ஜன்னல் கம்பியில் யாரோ தட்டினார்கள். பார்த்தால் தேவராஜ். கண் சிவந்து, சட்டையெல்லாம் கரி. கையில் ரெக்சின் பை. பேயைப் பார்த்தவன் போல எழுந்து நின்றேன்.

நாலு மணியிலிருந்து ஆறு வரை ஒவ்வொரு மின்சார வண்டியாகப் பெட்டி பெட்டியாய்த் தேடியிருக்கிறான். சென்ட்ரலுக்கு ஓடி வந்தபோது எங்கள் வண்டி போய்விட்டது. பையைத் திறந்து, கார்டில் இட்டார்சி லாட்ஜ் பெயரைப் பார்த்து, அங்கேயே வந்து கொடுத்துவிடலாம் என்று அடுத்த வண்டியில், முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே வந்திருக்கிறான்.

“உன் வண்டி இங்க நின்னுகினு கீறத பாத்து எனக்கே நம்ப முடில. இந்தா புடி. அந்தாண்ட காசிப்பேட்டை பாசஞ்சர் கீது. அத்த புடிச்சா டூட்டிக்குப் போயிடுவேன்.”

நான் பையை வாங்கித் திறந்தேன். சீட்டு இருக்கிறதா, இரண்டு கார்டும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். தலை நிமிர்ந்தபோது ஜன்னலில் ஆள் இல்லை. பாசஞ்சர் நகர்ந்துகொண்டிருந்தது.

வியாழன் காலை எட்டுக்குத்தான் வண்டி புறப்பட்டது. மாலை இட்டார்சி. அங்கிருந்து ஜபல்பூர் 245 கிலோமீட்டர். வெள்ளி காலை 5.30க்குப் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் வராததால் எங்கள் அறையில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். ஸ்டேஷன் குழாயில் குளித்து, ஈரத் தலையோடு அணிவகுப்பு மைதான வாசலில் சீட்டை நீட்டினோம், உள்ளே விட்டார்கள். மூன்றாம் வரிசையில் ரவி. தனலட்சுமி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திய தடம் மாலை வரை இருந்தது. அப்புறம் அவனோடு அரை மணி நேரம் பேசக் கிடைத்தது.

ஊர் திரும்பிய திங்கட்கிழமை, தாம்பரம் போகாமல் சானடோரியத்திலேயே இறங்கினேன். வழி முழுக்க ஒன்று உறுத்திக்கொண்டே வந்தது. தேவராஜ் வீட்டு வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தான்.

“பல்லார்ஷாவுல அன்னிக்கு எதுனா சாப்ட்டியாடா?”

அவன் துணியை உதறினான். “புதன்கிழம கேக்க வேண்டியத திங்கக்கிழம வந்து கேக்குற. உன் வண்டியே தேவலடா, இருவது மணி நேரந்தான் லேட்டு.”