மச்சானை எழுந்திருக்க விடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சுருளிப்பட்டியில் என் மச்சான் கீழே விழுந்தார். காரணம் – மரியாதை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். திராட்சை விவசாயி. பார்க்கின்சன் நோய் இருக்கிறது. கை நடுக்கம் எல்லோருக்கும் தெரியும். வெளியே தெரியாத தொல்லை ஒன்று உண்டு – உட்கார்ந்திருக்கும்போது ஒழுங்காக இருக்கும் பிபி, எழுந்ததும் சரிந்துவிடும். நோயும் அதைச் செய்யும், நோய்க்கான மாத்திரையும் செய்யும் என்றார் தேனி டாக்டர்.

மச்சானோ, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து கும்பிடுகிறவர். எழுந்தார், கும்பிட்டார், விழுந்தார். செய்தி கேட்டு நலம் விசாரிக்கச் சொந்தபந்தம் வந்தது. அவர்களைக் கண்டதும்... எழுந்தார்!

டாக்டர் பிபியை ஏற்ற மாத்திரை எழுதினார். பகலில்தான் போட வேண்டும். போட்டபின் சில மணி நேரம் மல்லாந்து படுக்கக் கூடாது. படுத்தால் பிபி எகிறிவிடும். உப்பும் தண்ணீரும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். (இது மச்சானுக்குச் சொன்னது. நீங்கள் ஊறுகாய் ஜாடியைத் தேட வேண்டாம்.)

விசாரிக்க வந்திருந்த சின்னமனூர் அத்தை நம்பவில்லை.

"ஊரே எறக்குறதுக்கு மாத்திரை திங்குது, இவனுக்கு ஏத்துறாகளாம்! டாக்டரு மாத்தி எழுதிட்டாக. ஏய்யா, நீ செத்த நேரம் படு."

"அத்தே, படுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காக!" என்றாள் என் மனைவி.

"நிக்கக் கூடாது, படுக்கக் கூடாதுன்னா மனுசன் என்ன, தொங்கவா செய்வான்?"

நியாயமான கேள்விதானே?

இதற்கிடையே, புதன்கிழமை மச்சான் மகளைப் பெண் பார்க்க போடியிலிருந்து வருகிறார்கள். நல்ல இடம். பெண்ணுக்கும் பையனைப் பிடித்திருக்கிறது.

"உக்காந்தே கும்பிட்டா திமிருன்னு நெனப்பாக. நோயின்னா அப்படியே திரும்பிப் போயிருவாக. சொல்லிராதீக மாப்ளே" என்றார் மச்சான்.

புதன்கிழமை. வேளைக்கு மாத்திரை கொடுத்து, மச்சானை நாற்காலியில் உட்கார வைத்தோம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் மனைவி. கார் சத்தம் கேட்டது. மச்சான் எழுந்தார். இழுத்து உட்கார வைத்தோம். மாப்பிள்ளையின் அப்பா உள்ளே வந்தார். மறுபடி எழுந்தார். மறுபடி இழுத்தோம்.

"எதுக்கு அவுகளப் போட்டு இழுக்குறீக?" என்றார் வந்தவர்.

பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. மச்சான் என்னை முறைத்தார். வேறு வழி? சொல்லிவிட்டேன்.

 மனிதர் நாற்காலியை மச்சான் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு ஏறிக்கிட்டே போகுது. உங்களுக்கு எறங்குதாக்கும்?"

மிக்சர் வந்தது. அவர் மனைவி தூரத்திலிருந்தே கண்ணை உருட்டினார். மனிதர் தன் தட்டைத் தொடாமல் மச்சான் பக்கம் தள்ளினார்.

"எனக்கு வெஷம், உங்களுக்கு மருந்து. சாப்புடுங்க சம்பந்தி."

தாம்பூலத் தட்டு மாற்ற அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். மிக்சர் தட்டு அன்றைக்கே மாறிவிட்டது!