ஒதுக்கிய கற்களை வரைந்தவர்

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக என் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்துக்கு மெய்ப்புப் பார்த்தேன். ஆதிமனிதர்கள் எப்போது நம்மைப் போல் யோசிக்கத் தொடங்கினார்கள் என்று சொல்லும் அத்தியாயம். புத்தகமே அதன்மேல்தான் நிற்கிறது. பாதியில் தொலைபேசி அடித்தது. மெஹருன்னிசா அக்காவின் மகள். "அம்மா மவுத்தாயிட்டாங்க ஆன்ட்டி. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துடுங்க" என்றாள்.

எங்கள் ஆய்வு நிலையத்தில் அக்காவோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய மேசை நினைவிருக்கும். செம்மண் மேடுகளில் தோண்டியெடுத்த கல்லாயுதங்களை மைப்பேனாவால் வரைவது அவர் வேலை. சில்லு பெயர்ந்த தழும்புகளைத் தடவிப் பார்த்து, எந்த அடி முதலில் விழுந்தது, எது பின்னால் என்று தெரிந்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். ஒருமுறை வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், "விளிம்பு கோணலா இருக்கேம்மா, கொஞ்சம் நேராக்கிடலாமே" என்றார். அக்கா தலையைத் தூக்கவில்லை. "அவன் கோணலாத்தான் சார் அடிச்சிருக்கான். அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க." பேராசிரியரே சிரித்துவிட்டார்.

வரைய வேண்டிய கற்களைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. எல்லா இடங்களிலும் நடப்பதுதான்: நேர்த்தியான நாலைந்து படத்துக்குப் போகும், மற்றவை பெட்டிக்குத் திரும்பும். அக்கா மதியச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு அந்த மற்றவற்றை வரைவார். "யாருக்குக்கா இது?" என்றால், "எனக்குத்தான்" என்பார். பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு சாரம் பகுதியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். மனித மனம் ஒரு கட்டத்தில் சட்டென்று விழித்துக்கொண்டது என்று எழுதியிருந்தேன். படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் சுமதி, ராத்திரி ஒண்ணுந் தெரியாம படுத்தவன் காலைல மேதாவியா எழுந்துட்டானா?"

"கல்லு சொல்லுதேக்கா. படமெல்லாம் நீங்க வரைஞ்சதுதானே?"

"நல்லதாப் பொறுக்கிக் குடுத்த, வரைஞ்சேன். கல்யாண ஆல்பத்தப் பாத்துட்டு, இந்தக் குடும்பத்துல சண்டையே கெடையாதுன்னு எழுதுவியா?"

பீரோவிலிருந்து ஒரு கட்டுத் தாள்களை எடுத்தார். மதிய வேளைகளில் வரைந்த படங்கள். ஒன்றில் விரலை வைத்தார். "இங்க மூணு அடி தப்பா விழுந்திருக்கு. நாலாவத பாரு, வேற கை. கத்துக்கறவன்கிட்டேர்ந்து வாங்கி, 'இப்படி'ன்னு யாரோ அடிச்சுக் காட்டியிருக்காங்க. பொறுமையா பக்கத்துல உக்காந்தாங்க பாரு, அவங்கதான் நம்ம ஜனம்."

"நிரூபிக்க முடியுமாக்கா?"

"முடியாது. ஆனா வேற யாராவது யோசிச்சுப் பாக்கவாவது நீ அந்தக் கல்லக் காட்டியிருக்கணுமில்ல?"

எனக்குக் கோபம் வந்தது. என் அத்தியாயத் தாள்களை மட்டும் மடித்துக்கொண்டு எழுந்தேன். "டீ ஆறுது. குடிச்சிட்டுப் போய்க் கோவிச்சுக்க" என்றார். குடித்துவிட்டுத்தான் போனேன். அதுதான் கடைசிச் சந்திப்பு.

அடக்கத்தன்று உள்ளறையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தபோது மகள் கேட்டாள்: "புக்கு எப்ப ஆன்ட்டி வரும்? அம்மா வரைஞ்சத அதுல பாக்கணும்." அடுத்த மாதம் என்றேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு பழக்கம். யார் எதைக் காட்டினாலும், காட்டாமல் விட்டது எங்கே என்று தேடுகிறேன். என் அத்தியாயத்திலும் தேடினேன். சட்டென்று நடந்ததாகத் தோன்றியதற்குக் காரணம் நான் பொறுக்கிய விதம். மனிதர்கள் மெல்ல, தடுமாறி, ஒருவர் கையை ஒருவர் பார்த்துத்தான் நம்மைப் போல் ஆனார்கள் என்று இன்று எந்தத் தயக்கமும் இல்லாமல் நம்புகிறேன்.

நாளை மேட்டுப்பாளையத்து அச்சகத்துக்குப் போய் வேலையை நிறுத்தச் சொல்லப்போகிறேன். மூன்றாம் அத்தியாயத்தை, அக்காவின் மதியப் படங்களை வைத்து, முதல் வரியிலிருந்து எழுதுவேன். அந்தப் படங்களை மகளிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்கும்போது, புத்தகம் அடுத்த மாதம் வராது என்பதையும் சொல்ல வேண்டும். அவளிடமும் பதிப்பாளரிடமும் இன்னும் சொல்லவில்லை.