பவுல்ராஜ் பிலோமியைத் தேடிய நாள்

பவுல்ராஜுக்கு ஐம்பத்தேழு வயது. அதில் முப்பது வருடத்தை யானை பார்ப்பதிலேயே கழித்தவர். சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவருக்கு வாச்சர் வேலை. காலையில் பெண்கள் கொழுந்து எடுக்க இறங்குவதற்கு முன் அவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "காடு சும்மாத்தான் இருக்கு, எறங்குங்க" என்று சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறக்காமல் சூப்பர்வைசரே ஓர் அடி எடுத்து வைக்கமாட்டார். தேயிலைச் சரிவைத்தான் அங்கே காடு என்பார்கள். நிஜக் காடு அதற்கு அந்தப்புறம் இருக்கிறது. யானைகள் இந்த வித்தியாசத்தையெல்லாம் பார்ப்பதில்லை.

யானையைவிடப் பொல்லாதது மஞ்சு. மலையில் பனிமூட்டத்துக்கு அதுதான் பெயர். அது இறங்கிவிட்டால் பக்கத்து நிரையில் நிற்பவள் முகம் தெரியாது. வழி தேடி நடப்பவள் நேரே போய் யானையின் காலில் முட்டிக்கொள்வாள். அதனால் பவுல்ராஜ் ஒரு சட்டம் வைத்திருந்தார். "மஞ்சுல வழி தவறிட்டா நின்ன எடத்துலயே நில்லு. அசையாத. வழி தெரிஞ்சவன் தேடி வருவான்." வேலைக்கு வரும் ஒவ்வொரு புதுப் பெண்ணுக்கும் இதை அவர் சொல்லியிருக்கிறார். சொன்னபடி நின்றவர்களை எல்லாம் குரல் கொடுத்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்துக் கூட்டியும் வந்திருக்கிறார். எஸ்டேட்டில் அதற்காக அவருக்குத் தனி மரியாதை உண்டு. அந்த மரியாதை அவருக்கும் கொஞ்சம் பிடிக்கும், சொல்லிக்கொள்ளமாட்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் போன சனிக்கிழமை செராய்க் கடற்கரையில் நட்ட மரமாக நின்றுகொண்டிருந்தார்.

பங்குக் கோயிலிலிருந்து அன்பியத்துக்காரர்கள், அதாவது தெரு ஜெபக் குழுக்காரர்கள், ஒரு பஸ் பிடித்திருந்தார்கள். விடியுமுன் கிளம்பி, வல்லார்பாடம் மாதா கோயிலில் பூசை பார்த்து, வைப்பின் தீவில் இருக்கிற செராய்க்குப் போய்க் கடல் பார்த்துவிட்டு, அன்றைக்கே திரும்புவதாக ஏற்பாடு. பெயர் கொடுத்தது அவர் மனைவி பிலோமிதான். "பின்சியப்பா, நான் கடலைப் பாத்ததே இல்ல" என்றாள். மகள் பேரை வைத்துத்தான் அவரைக் கூப்பிடுவாள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் அவள் இப்படி ஒன்று சொல்லிக் கேட்டதில்லை என்பதால் அவரும் தலையாட்டிவிட்டார்.

இரண்டு மணி சுமாருக்குக் கடற்கரையில் இறங்கினார்கள். ஏற்பாட்டாளர் செபாஸ்டின், "அஞ்சு மணிக்கு வண்டி எடுத்துருவோம். வராதவங்க அவங்கவங்க பாட்ட பாத்துக்கோங்க" என்று கண்டிப்பாகச் சொன்னான். பவுல்ராஜ் கடலை எதிர்த்து நின்றார். அவர் கண் பழக்கப்படி அலைக்கு அப்பால் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தது. பிலோமி பக்கத்தில் நின்று ஏதோ சொன்னாள். "ம்" என்றார். அவள் என்ன சொன்னாள் என்பது அவர் காதில் ஏறவில்லை. அப்படி "ம்" சொல்வது அவருக்கு வெகுநாள் வழக்கம்.

திரும்பிப் பார்த்தபோது பிலோமி இல்லை.

முதலில் அவர் பதறவில்லை. சட்டம் கையில் இருக்கிறதே! நின்ற இடத்தில் நின்றார். கால் மணி நேரம் போனதும்தான் புத்தியில் ஒரு முடிச்சு விழுந்தது. வழி தவறியவர்தானே நிற்க வேண்டும்? வழி தவறியது யார்? அவளா, அவரா? அவள் தவறியிருந்தால் எங்கேயோ அசையாமல் நின்றுகொண்டிருப்பாள். அப்போது அவர்தான் தேடிப் போக வேண்டும். அவர் தவறியிருந்தால் அவள் தேடி வருவாள். அப்போது அவர் அசையக் கூடாது. வழி தெரிந்தவன் வருவான் என்றால், இந்த ஊரில் இரண்டு பேருக்குமே வழி தெரியாதே! முப்பது வருடம் ஊருக்கெல்லாம் சொன்ன சட்டத்தில் இப்படியொரு ஓட்டை இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

போன் செய்யலாம் என்றால், வீட்டுக்கு ஒரே போன், அது அவர் சட்டைப்பையில் இருந்தது. செபாஸ்டினைக் கூப்பிட்டார். "வண்டிகிட்ட இல்லயேண்ணே. பொம்பளைங்க கூட்டத்துல எங்கயாவது நிப்பாங்க, வருவாங்க" என்றான் அவன். பொம்பளைகள் கூட்டம் முழங்கால் தண்ணீரில் நின்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. பிலோமி அதில் இல்லை என்பது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

மலையென்றால் ஒரு பாறைமேல் ஏறினால் போதும், அடிவாரம் வரைக்கும் எறும்பு ஊர்வதும் தெரியும். இங்கே கடலைப் பார்த்தே நின்றவர் கண்ணுக்கு ஏறிப் பார்க்க ஒரு மேடு தென்படவில்லை. எல்லோரும் ஒரே மட்டத்தில் நின்றார்கள், ஆளை ஆள் மறைத்தது. முன்னால் கடல். ரோட்டுக்கு அந்தப்புறம் போனால் அங்கேயும் தண்ணீர், காயல். கடைசியில் வேறு வழியில்லாமல் காட்டில் கொடுப்பதுபோல் "ஓ... ஹோய்!" என்று குரல் கொடுத்தார். தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்த வடக்கத்திப் பையன்கள் நாலு பேர் "ஓ... ஹோய்!" என்று திருப்பிக் கத்தினார்கள். "பிலோமீ!" என்று கூப்பிட்டுப் பார்த்தார். மூன்று பேர் திரும்பினார்கள். வைப்பினில் பிலோமிகளுக்குப் பஞ்சமில்லை.

இப்படியே நின்றதில் மணி நாலாகப் பத்து நிமிடம்தான் இருந்தது. ஒரு பெரிய அலை வந்து அவர் முழங்கால்வரை ஏறி, காலடி மண்ணை உருவிக்கொண்டு போனது. அப்போதுதான் பயம் வந்தது. அவள் கடலையே பார்க்காதவள். இதன் குணம் அவளுக்கு என்ன தெரியும்? பவுல்ராஜ் தன் சட்டத்தைத் தானே மீறி இடத்தைவிட்டு நகர்ந்தார்.

சிவப்புச் சட்டை போட்ட லைஃப்கார்டு ஒருவன் விசிலோடு நின்றான். ஜின்சன் என்று சட்டையில் எழுதியிருந்தது. டூரிஸ்டுகளிடம் பேசிப் பேசிப் பழகிய தமிழ் அவனுடையது.

"சேட்டா, பயப்படண்டா. அம்மா என்ன கலர் சாரி?"

பவுல்ராஜ் யோசித்துப் பார்த்தார். விடியுமுன்னிருந்து பஸ்ஸில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். சேலை என்ன நிறம்?

"சாரி தெரியலியா? சரி. உயரமா, குட்டையா? கண்ணாடி உண்டா?"

"கண்ணாடி..." என்று இழுத்தார். போன மாசம் மகள் பின்சி வந்தபோது அம்மாவுக்குக் கண்ணாடி வாங்க வேண்டும் என்றாளே, வாங்கினாளா?

"அடையாளம் எதாவது சொல்லு சேட்டா."

"ஒரு நாளைக்கு அறுவது கிலோ கொழுந்து எடுப்பா" என்றார் பவுல்ராஜ்.

ஜின்சன் அவர் முகத்தைப் பார்த்தான். சிரிக்க வந்ததை அடக்கிக்கொண்டான் என்றுதான் தோன்றுகிறது. "அது இங்க பாத்தா தெரியாது சேட்டா" என்றான் மெதுவாக. "கடல்ல யாரும் போகல. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். போய்த் தேடு."

பவுல்ராஜுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எஸ்டேட் எல்லையில் திரியும் பதினோரு யானைக்கும் அவர் அடையாளம் சொல்வார். ஒன்றுக்கு இடது காது கிழிந்திருக்கும், ஒன்றுக்கு வால் நுனியில் மயிர் கிடையாது. இருட்டில் கிளை முறிகிற சத்தத்தை வைத்தே இன்னது என்று சொல்லிவிடுவார். கட்டின மனைவிக்கு ஓர் அடையாளம் சொல்லத் தெரியவில்லை!

வடக்கே பார்த்து நடந்தார். எதிரில் வந்த பெண்கள் ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்தார். இவளா, இல்லை. அவளா, இல்லை. பிலோமி எப்படி நடப்பாள் என்று யோசித்தார். கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்து நடப்பது நினைவுக்கு வந்தது, வெறுந்தலையாய் நடப்பது வரவில்லை. நெடுந்தூரம் போய், ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் திரும்பினார். மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மணி ஐந்தாகப் பத்து நிமிடம்.

வரும்போது கடலுக்கு முதுகைக் காட்டிக் கரைப்பக்கத்தை ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் இரண்டு மணி நேரம் நின்ற இடத்துக்கு நேர் பின்னால், நாற்பது அடி தள்ளி, கடல்சுவரின் கருங்கல் மேல் பிலோமி உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சேலை. கண்ணாடி போட்டிருந்தாள். மடியில் கடலைப் பொட்டலம்.

அவளைப் பார்த்து ஓடினார். அடுத்த நொடி கோபம் வந்தது.

"எங்கடி போன நீ?"

"எங்கயும் போகல. கடலை வாங்கிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான போனேன். நீங்களும் ம்னு சொன்னீங்க. வந்து இங்கதான் உக்காந்திருக்கேன்."

"எப்ப இருந்து?"

"நீங்க நிக்க ஆரம்பிச்சதுல இருந்து."

பவுல்ராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் கத்துனது கேக்கலையா?"

"ஊருக்கே கேட்டுச்சு."

"அப்ப ஒரு குரல் கொடுத்தா என்ன? மனுசன் செத்துப் பொழச்சிருக்கேன் இங்க!"

பிலோமி கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தாள். "அஞ்சாறு வருசத்துக்கு முன்னால ஒம்பதாம் நம்பர் காட்டுல மஞ்சு எறங்குச்சு. நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே நின்ன எடத்துல நின்னேன். கற்பகத்தக் கூட்டிட்டுப் போனீங்க. சாந்தம்மாளக் கூட்டிட்டுப் போனீங்க. நீங்க கொரல் கொடுக்குறது எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எம்பேரு மட்டும் வரவே இல்ல. நானும் கூப்புடல, வருவீங்கன்னு நின்னேன். நல்லா இருட்டுன பொறவு நானே தடவித் தடவி வந்து சோறு பொங்குனேன். நீங்க சாப்ட்டுட்டுப் படுத்துட்டீங்க."

பவுல்ராஜ் அந்த நாளை நினைவுபடுத்திப் பார்த்தார். கற்பகம் நினைவுக்கு வந்தாள். சாந்தம்மாள் அழுதது வந்தது. இரவு என்ன சோறு தின்றார், யார் போட்டார் என்பது வரவேயில்லை. அவளைத் தேட வேண்டும் என்று ஏன் தோன்றாமல் போயிற்று? அவள் வந்துவிடுவாள், அதனால்தான். வேறு காரணம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. அதைச் சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்ததும் அவருக்கு அழுகை முட்டியது.

"சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"சொன்னா தேடியிருப்பீங்க. சொல்லித் தேட வைக்கிறது வேணாம்னுதான்."

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. சட்டைப்பையில் போன் அலறியது, செபாஸ்டின்தான். பவுல்ராஜ் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார். "எந்திரி, எந்திரி. வண்டி போயிரும்."

பிலோமி எழுந்திருக்கவில்லை. பொட்டலத்தை நகர்த்திப் பக்கத்துக் கல்லில் இடம் விட்டாள்.

"போகட்டும் பின்சியப்பா. இப்பத்தான வந்துருக்கீங்க. சித்த உக்காருங்க."