பைலாவில் முடிந்த ப்ளூஸ் ஆல்பம்

இன்று ஹெவ்லொக் டவுன் கோப்பிக் கடையொன்றில் நான் இளவயதில் ஓயாமல் கேட்ட அமெரிக்கப் பியானோக்காரனின் முதல் ஆல்பம் போய்க்கொண்டிருந்தது.

அழ வேண்டிய வரியில் அவன் சிரிப்பான்; பியானோதான் அழும். வீட்டில் போட்டால் மகள் ஹெட்போனை நீட்டுவாள். அதனால் இன்னொரு கோப்பி எடுத்துக்கொண்டு கடைசிவரை இருந்தேன்.

பக்கத்து மேசையில் என் வயதுக்காரர் ஒருவர் கண்ணை மூடி, மேசையிலேயே பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பாட்டு முடிந்தது. பழக்கதோஷத்தில் ஒரு பழைய சிங்கள பைலாத் துள்ளல் பாட்டை முணுமுணுத்தேன். அதே நேரம் அவரும் அதே பைலாவைத் தாளம் தட்டிப் பாடத் தொடங்கினார்.

இருவரும் நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்தோம்.

“வெள்ளவத்தையிலயோ கசட் பதிஞ்சனீங்கள்?” என்றார்.

“ஓம். ஆல்பம் முடிஞ்சு டேப் மிச்சமிருந்தா அந்தப் பதிவுக் கடை அண்ணைக்குப் பொறுக்காது. ஒரு பைலாவைப் போட்டு நிரப்பித்தான் தருவார்.”

“நான் கனகாலம் அதையும் இந்தப் பியானோக்காரன்தான் பாடினதெண்டு நினைச்சனான்.”

“சிங்களத்திலயோ?” என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

உங்கள் கசட்டில் அவன் கடைசியாக என்ன பாடினான்?