கைப்பை காலையிலேயே கிளம்பிவிட்டது

டிக்கெட் போட்டுக் கொடுப்பது பத்து நிமிட வேலை. போகிறவரை வாசற்படி தாண்ட வைப்பதுதான் எங்கள் தொழில். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். கோடையில் காசி, ராமேஸ்வரம் கூட்டம். மற்ற மாதங்களில், வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை வாசிக்கப் போகும் கல்லூரி ஆசிரியர்கள். வீட்டிலிருந்து ஒருவரை விமானம் ஏற்றிவிட்ட அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், நான் படும் பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பளபளத்த கடிதம்

போன மழைக்காலத்தில் ஓரிக்கையிலிருந்து தேன்மொழி வந்தார். வேதியியல் உதவிப் பேராசிரியர். சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்வது பற்றிப் பேச ஜெர்மனியில் ஒரு மாநாட்டுக்கு அழைத்திருந்தார்கள். அந்த வீட்டில் அதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை.

அழைப்புக் கடிதத்தைக் கேட்டேன். கூட வந்த அப்பா, கொத்தனார், துணிப்பையிலிருந்து பத்திரமாக எடுத்து மேசைமேல் வைத்தார். லேமினேஷன் செய்து வைத்திருந்தார்! விசாவுக்குக் கொடுக்கும் தாளுக்குப் பிளாஸ்டிக் போடவே கூடாது. நல்லவேளை, மின்னஞ்சலில் வந்த கடிதம். வேறு பிரிண்ட் எடுத்துக்கொண்டோம். பழையதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்பா சொன்னார்: "பத்து பேரு கை படும், அழுக்காயிடப் போவுதுன்னுதான் தம்பி போட்டேன். இது வூட்டுச் செவுத்துக்கு ஆச்சு."

ஒரு முழ இட்லி

சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோகலாம் என்று தேன்மொழி கேட்டபோது கணிதப் பேராசிரியர் ஒருவரின் கதையைச் சொன்னேன். எங்கள் ஊர்க் கோயில் இட்லி உங்களுக்குத் தெரியும்: மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து வேகவைப்பது, உருளையாக ஒரு முழம் இருக்கும். நாலு நாள் கெடாது என்று அதை முழுசாக அலுமினியத் தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்திருக்கிறார் மனிதர். சோதனைத் திரையில் அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று நான் சொல்லவா வேண்டும்?

அன்றிலிருந்து நான் சொல்லும் யோசனை: வில்லை வில்லையாக வெட்டிப் பெரிய பெட்டியில் வையுங்கள், விபூதி, பொடி வகையும் அதிலேயே போகட்டும். பேராசிரியர் திரும்பி வந்து சொன்னது: "நாலு ஆபீசர் சுத்தி நின்னாங்கப்பா. மொளகு வாசன வந்த பெறவுதான் சிரிச்சாங்க."

பேசும் நாளில் பட்டு வேண்டாம்

இது ஆங்கிலத் துறை அம்மா ஒருவர் கற்றுக்கொடுத்தது. கட்டுரை வாசிக்கும் நாளில் மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாராம். வந்ததும் வராததுமாக என்னிடம் சொன்னார்: "பேப்பரப் பத்தி ரெண்டே கேள்வி சார். பார்டர எப்படிச் சேர்த்தாங்கன்னு பதினேழு கேள்வி!"

முன்னால் போன பை

ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். தேன்மொழிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விசா கடைசி நேரத்தில்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை இரவு ஏழே முக்கால் விமானத்தை விட்டால், அவர் பேச வேண்டிய நேரம் முடிந்த பிறகுதான் அங்கே இறங்க முடியும். மூன்றேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம் என்பது அவருடைய அப்பாவுக்குத்தான் ஞாபகம் இருந்தது.

அதற்கும் நம்மவர்களிடம் வழி இருக்கிறதே! பரஸ்தானம். நல்ல நேரத்தில் பையை மட்டும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. காலை எட்டு மணிக்குப் பக்கத்துத் தெருச் சித்தி வீட்டில் கைப்பையை வைத்துவிட்டார்கள். பாஸ்போர்ட் அதில்தான் இருந்தது. மூன்றேகாலுக்கு நான் காரோடு போய் நின்றபோது சித்தி வீடு பூட்டியிருந்தது. சித்தியின் போன் உள்ளேயே அடித்துக்கொண்டிருந்தது. தேன்மொழி படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். கதவை உடைத்துவிடலாமா என்றேன். அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்: "நான் வெச்ச நெலக்கதவு தம்பி. சாமானியமா ஒடையாது."

இரண்டு பூட்டு

சித்தி திருப்புட்குழி கோயிலுக்குப் போயிருப்பதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். காரைவிடச் சீக்கிரம் போகலாம் என்று பக்கத்து வீட்டு பைக்கை வாங்கிக்கொண்டு பறந்தேன். நடை திறக்கவில்லை. துளசி மாலையும் கையுமாகச் சித்தி வாசலில் காத்துக்கொண்டிருந்தார். தேன்மொழி நல்லபடியாகப் போய்ச் சேரவேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்ள வந்தாராம்! கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. பைக்கில் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் ஒரே புலம்பல்: "ராத்திரி பிளேன்னு சொன்னாங்களே, பொழுது சாய வருவீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்பா. பாஸ்போட்டு இருக்குதேன்னு ரெண்டு பூட்டு வேற போட்டேன்."

அப்பாவின் தீர்ப்பு

விமான நிலையத்தில் கவுன்ட்டர் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது தேன்மொழி உள்ளே ஓடினார். ஜெர்மனியில் பேசி முடித்ததும் எனக்கு ஒரு படம் அனுப்பினார்: மேடை, மைக், பருத்திப் புடவை, முகம் நிறையச் சிரிப்பு. என் சொந்தத் தங்கை பேசியது மாதிரி கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அவருடைய அப்பா கடைக்கு வந்தார். இனிமேல் பாஸ்போர்ட்டை மட்டும் பிரிந்து இருக்காதீர்கள் என்று நான் ஆரம்பித்தேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "அன்னிக்கு நாம கெளம்பும்போது மணி பாத்தியா தம்பி? நாலு முப்பத்தஞ்சு. ராகு காலம் முடியிற வரைக்கும் அந்தப் பூட்டு எம் பொண்ண வுடலயே!"

விமானம் அதன் நேரத்துக்குக் கிளம்பும், நாம் நல்ல நேரத்துக்குக் கிளம்புவோம்; இரண்டுக்கும் நடுவில் பைக்கில் பெட்ரோல் போட்டு வைத்துக்கொண்டு நிற்பதற்குப் பெயர்தான் டிராவல்ஸ்.